அம்பு ஒட்டுகிறவள்

என் கணவர் மூன்றாவது வாரத்திலேயே தேறிவிட்டார். ஐந்து நிமிடத்தில் பதினான்கு பாராட்டு. தேறாமல் என்ன செய்வார்? அவருக்கு முடிதிருத்தும் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் மூடும்வரை வருகிறவர்களின் தலையைப் புகழ்வதுதான் பிழைப்பு. நாலு முடி மிச்சமிருக்கிற ஆளிடம்கூட, "உங்களுக்கு சைடுல நல்ல அடர்த்தி சார்" என்று வாய் கூசாமல் சொல்வார்.

என் வேலை அதற்கு நேர் எதிர். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங். மேஜையில் வந்து விழும் சட்டையைக் காலரிலிருந்து கீழ் மடிப்புவரை பார்த்து, தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், பட்டன் கோணிய இடம் எல்லாவற்றிலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பின் நுனி தப்பைத் தொட வேண்டும், மூடக் கூடாது. அப்போதுதான் தைக்கிறவர்களுக்கு எங்கே சரிசெய்வதென்று தெரியும். சரிசெய்து திரும்பி வந்தால், ஒட்டின ஆளே மறுபடி பார்த்து ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பதினொரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நன்றாக இருக்கிற சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்போம்.

எங்களுக்கு ஒரே பெண். ஏழு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். வாண்டு கடிப்பாள். கோபம் வந்தால் எதிரில் இருப்பது கையா கதவா என்று பார்க்க மாட்டாள். தட்டு பறக்கும், செருப்பு பறக்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் உறுமுவாள். வகுப்பு ஆசிரியையின் முன்கையில் அவளுடைய பல் வரிசை அச்சாகப் பதிந்த அன்று பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இனிமேல் தினமும் இரண்டு மணி நேரம்தான் வகுப்பு. முழு நாள் சேர்க்க வேண்டுமென்றால், பெற்றோர் பயிற்சி மையத்தில் அப்பா, அம்மா இருவரும் தேறினதாகக் கடிதம் வேண்டும். பயிற்சி பன்னிரண்டு வாரம். அதற்குள் இருவரில் ஒருவர் தேறாவிட்டாலும் இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். நாங்கள் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். வரிசை ஒன்றரை வருஷ நீளம் என்றார்கள்.

பிள்ளை கடித்ததற்கு எனக்குப் பரீட்சையா என்று அன்றே கேட்டேன். தலைமையாசிரியை மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

பத்தரை மணிக்கு நான் போய் வாண்டுவைக் கூட்டி வருவேன். அது சரியாக மற்றப் பிள்ளைகள் விளையாடப் போகிற நேரம். அவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குள்ளே நிற்பாள். ஒருநாள் கேட்டாள், "எல்லாரும் விளையாடப் போறப்ப என்னை மட்டும் ஏம்மா கூட்டிட்டுப் போறே?" "வெயில்ல நிக்காதே, வா" என்றேன். அன்று வெயிலே இல்லை.

பயிற்சி அறையில் ஒரு விரிப்பு, ஒரு குட்டை மேஜை, மரக்கட்டைகள், தாள், வண்ணக்குச்சிகள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நமக்கு நம் முகம் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பயிற்சியாளருக்கு நாம் தெரிவோம். காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவார்கள். அதில் அவள் குரல் வரும். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். கல்யாணம் ஆகவில்லை. என் கணவர் அவளுக்குக் காதுக்காரம்மா என்று பேர் வைத்திருந்தார்.

முதல் வாரம் வாண்டு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "பாப்பாவைப் பாராட்டுங்கம்மா" என்றது காது.

"நல்ல பொண்ணு" என்றேன்.

"அது கணக்குல வராதுங்கம்மா. என்ன செஞ்சதுக்காகன்னு சொல்லணும். சிவப்புக் கட்டையைப் பொறுமையா வெச்சே, அப்படி."

விதி இதுதான். ஐந்து நிமிடம் பிள்ளையோடு விளையாட வேண்டும். அதற்குள் அவள் செய்கிற காரியங்களைக் குறிப்பாகப் பத்துத் தடவை பாராட்ட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. மூன்றும் சேர்ந்து மூன்று தடவைவரை மன்னிப்பு. நாலாவது வந்தால் அந்த வாரம் போச்சு. பிள்ளை கட்டையைத் தூக்கி எறிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாக உட்கார வேண்டும். நிறுத்தினதும் திரும்பி, நிறுத்தினதைப் பாராட்ட வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சாப்பிட்டியா, கை கழுவினியா, அதை எடு, இதை வை, ஏன் இப்படிப் பண்றே, இவ்வளவுதான் நான் என் பெண்ணிடம் பேசுகிற பேச்சு. இதை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சே இல்லை. வாயைத் திறப்பேன், கேள்வி வரும். மூடுவேன். மறுபடி திறப்பேன், அதட்டல் வரும். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் கரையில் போட்ட மீன் மாதிரி இருந்தது.

முதல் வாரம் இரண்டு. அடுத்தது நாலு. அதற்கடுத்த வாரம் மூன்றுக்கு இறங்கினேன். அன்றுதான் என் கணவர் பதினாலு வாங்கி, பஸ்ஸில் வீடுவரைக்கும் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "நம்ம அம்மா எந்த கோர்ஸ் படிச்சிட்டு நம்மள வளத்தாங்க?" என்றாள்.

"அதான்க்கா எனக்கும் பிரச்சினை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் அம்மா எங்களை ஒரு நாளும் பாராட்டினதில்லை. திட்டாமல் விட்ட நாள்தான் நல்ல நாள். நானும் அந்த மாதிரி நாட்களை எண்ணிக்கொண்டுதான் வளர்ந்தேன்.

நாலாவது வாரம் காதுக்காரம்மா வாண்டுவின் பள்ளி நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். கொடுத்தேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட மெதுவாகப் புரட்டினாள்.

"இந்த ஸ்டிக்கரெல்லாம் யாரு ஒட்டினது?"

"நான்தான். எங்க தப்புன்னு தெரியணும்ல."

"எவ்வளவு நாளா?"

"எழுத ஆரம்பிச்சதுலேருந்து."

எழுத்து கோணினால் ஓர் அம்பு. கோட்டைத் தாண்டினால் ஓர் அம்பு. கூட்டல் தப்பானால் ஓர் அம்பு. காலையில் நான் ஒட்டி வைப்பேன். திருத்தி எழுதினால் எடுத்துவிடுவேன், ஒட்டினவர்தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவள் சாயங்காலம் திருத்தி எழுதிவிட்டு நோட்டைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருப்பாளாம். எனக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். நான் வீட்டுக்கு வருவதற்குள் தூங்கிவிடுவாள். காலையில் அவசரம், எடுக்க மறந்துவிடும். அதனால் நோட்டில் எடுக்காத அம்புதான் அதிகம். ஒரு பக்கத்தில் பத்தொன்பது இருந்தது. எழுத்தே தெரியவில்லை.

காதுக்காரம்மா எதையோ எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போதுதான் எங்கள் பிரிவின் இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. ஒரு சட்டையில் ஐந்து அம்புக்கு மேல் வந்தால் நாங்கள் அதைச் சரிசெய்ய அனுப்புவதில்லை. ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாண்டு என் புடவையை இழுத்து, "பஸ் போயிடும்மா" என்றாள்.

அதற்குப் பிறகு நோட்டில் ஒட்டவில்லை. ஸ்டிக்கர் சுருளைக் கைப்பையின் பக்கவாட்டு அறையிலேயே வைத்துக்கொண்டேன். ஆனால் கை பழகினது பழகினதுதான். நோட்டைப் பார்த்தால் விரல் தானாகப் பைக்குப் போகும்.

பயிற்சி என்னை வேறு விதமாகப் படுத்த ஆரம்பித்தது. காதுக் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாலும் குரல் கழலவில்லை. பஸ்ஸில், குளியலறையில், செக்கிங் மேஜையில், "பாராட்டுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் பக்கத்து மேஜைத் தங்கச்சியிடம், "கத்திரிக்கோலை எனக்கு எட்டுற மாதிரி வெச்சே, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய்ப் படுக்கா" என்றாள்.

வாண்டு மாறிக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். எட்டாவது வாரம் கடித்தது ஒரே ஒரு தடவை. தட்டுகள் பறக்காமல் தரையிலேயே இருந்தன. மாறாதது நான்தான். ஆறு, ஏழு, ஏழு என்று ஏறி அங்கேயே நின்றேன். தினமும் வீட்டில் ஐந்து நிமிடம் விளையாட்டுப் பாடம் வேறு. நின்றுகொண்டே எட்டு மணி நேரம் சட்டை பார்க்கிறவளுக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு ஷிஃப்ட் மாதிரி இருந்தது. வாய் வலித்தது. நிஜமாகவே தாடை வலித்தது.

பத்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டில்மேல் என் கணவரின் ஈரத்துண்டு. ஆயிரம் தடவை சொன்ன விஷயம். நான் கத்த ஆரம்பித்தேன். துண்டில் ஆரம்பித்துக் கடைக்குப் போய், அவர் அம்மா வீட்டுக்குப் போய், கல்யாணத்தன்று தாமதமாக வந்ததுவரைக்கும் போனேன். அவர் உடம்பை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தில் ஒன்றுமில்லை. கை இரண்டும் தொடைமேல்.

எனக்கு அந்த உட்காரும் விதம் தெரிந்தது. நானே பத்து வாரமாக விரிப்பில் அப்படித்தான் உட்கார்ந்து பழகுகிறேன்.

என் வாய் பாதியில் நின்றது. உடனே அவர் திரும்பி, இதமான குரலில், "சத்தத்தைக் குறைச்சது நல்லா இருக்கும்மா" என்றார்.

"எத்தனை நாளா எங்கிட்ட இதைப் பண்றீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "மூணு வாரமா."

"நான் என்ன ஏழு வயசுப் பிள்ளையா?"

"வேற எப்படி உங்கிட்டப் பேசறதுன்னு எனக்குத் தெரியலம்மா." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அந்த ஆளுக்கு என்னைவிடக் களைப்பு இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றினதே இல்லை.

துண்டை அவர்மேல் எறிந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏமாற்றின கோபம்தான், சந்தேகமில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுததற்குக் காரணம் அது இல்லை. அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. சத்தத்தைக் குறைச்சது நல்லா இருக்கு. இத்தனை வயதில் எனக்கு யாரும் அப்படி ஒன்று சொன்னதில்லை. வேண்டுமென்றே சொல்கிறார் என்று தெரிந்தும் இனித்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. பத்து வாரமாக வாண்டு எதற்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தெரிந்து என்ன? அடுத்த வாரம் எட்டோடு நின்றேன்.

பன்னிரண்டாவது வாரம். கடைசி. காலை பதினொரு மணி. என் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். காதுக்காரம்மா கருவியை மாட்டிவிடும்போது அவள் விரல் சில்லென்று இருந்தது. "இந்த அஞ்சு நிமிஷம் நான் ஒண்ணும் பேச மாட்டேம்மா. எண்ண மட்டும் செய்வேன்" என்றாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு மேலே கடிகாரம். முள் நகர ஆரம்பித்தது.

வாண்டு கட்டைகளைக் கொட்டினாள். "மெதுவாக் கொட்டினே, நல்லா இருக்கு." ஒன்று. "நீலத்தைக் கீழ வெச்சது பலமா இருக்கு." இரண்டு. "எனக்கும் ஒண்ணு கொடுத்தியே, சந்தோஷமா இருக்கு." மூன்று. கால் கட்டைவிரலை மடக்கி மடக்கி எண்ணினேன். பிறகு "அது என்ன, வீடா?" என்று வாய் தவறியது. ஒரு கேள்வி போச்சு. ஆறு வரை ஏறினேன். "அங்க வெக்காதே, விழும்." ஏவல் ஒன்று. விழுந்தது. "சொன்னேன்ல." அது குறை. மூன்றும் தீர்ந்தது. விழுந்த கட்டையை அவள் எறியாமல் எடுத்தாள். அதைச் சொன்னேன். ஏழு. வரிசையாக வைத்தாள். எட்டு. கதவுக்கு இடம் விட்டாள். ஒன்பது.

முள்ளில் இன்னும் நாற்பது விநாடி. ஒன்றே ஒன்று வேண்டும். வாண்டு எழுந்துவிட்டாள்.

நேராக என் கைப்பையிடம் போனாள். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். எடுக்காதே என்றால் நாலு. எதுக்கு என்றால் நாலு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் அம்பை உரித்து ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். உச்சி வகிட்டிலிருந்து தொடங்கி, நெற்றி, கண், மூக்கு என்று அவசரமில்லாமல், தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் என் மேஜைமேல் விழுகிற பார்வைதான்.

பிறகு அம்பை என் வாயோரத்தில் ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள், நான் தேய்ப்பது போலவே.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கை எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். களைத்த முகம், உதட்டோரத்தில் சிவப்பு அம்பு. நுனி உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, மூடவில்லை. பதினொரு வருஷ வேலைக்காரி பார்க்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

"சரியான இடத்துல ஒட்டியிருக்கே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நுனி தொடுது, மூடல. நல்லாப் பாத்து, சரியா ஒட்டியிருக்கே கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. அது நிஜமா என்று என் கண்ணைப் பார்த்தாள். இவ்வளவு நாள் சொன்ன ஒன்பது, ஏழு, ஆறு எதற்கும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

காதில் கருவி இரைந்தது. பிறகு, "பத்துங்கம்மா. முடிஞ்சிடுச்சு" என்றது.

வெளியே என் கணவர் எழுந்து நின்றார். என் வாயைப் பார்த்தார், வாண்டுவைப் பார்த்தார். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வாண்டுவிடம் குனிந்தேன். இனிமேல் கேள்வி கேட்கலாம். "இதை எடுத்துடட்டுமா?"

"நீ எடுக்கக் கூடாது. ஒட்டினவங்கதான் எடுக்கணும்."

"சரி. நீ எப்ப எடுப்பே?"

அவள் யோசித்தாள். "திருத்தினப்புறம் காட்டு. பாக்கறேன்."

"நான் வரதுக்குள்ள நீ தூங்கிடுவியே."

"அப்ப நாளைக்கு" என்றாள். சொல்லிவிட்டு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

இரண்டு மணிக்குச் செக்கிங் மேஜைக்கு வந்தேன். பக்கத்து மேஜைத் தங்கச்சி என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, வாயில அம்பு ஒட்டிக்கிட்டிருக்கு" என்று எடுக்கக் கையை நீட்டினாள்.

நான் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "விடும்மா. எம்பொண்ணு ஒட்டினது. அவதான் எடுக்கணும்."

அவள் அடுத்த பண்டலை என் பக்கம் தள்ளினாள். நான் முதல் சட்டையை எடுத்துக் காலரிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.